வசந்தியைப் பேய்ப் படத்துக்குக் கூட்டிப் போ

தம்பி,

உன் கடிதம் வந்தது. சுகம் விசாரித்து ஒரு வரி, இங்கே மழை உண்டா என்று ஒரு வரி, மீதி முழுக்க வசந்தி மேல் புகார். மாசமாக இருக்கிறவள் இந்த நேரத்தில் பேய்ப் படம் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள், வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து வா என்று உயிரை வாங்குகிறாள், கீழ் வீட்டு அம்மா அதைக் கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், ‘நீ ஒரு வார்த்தை எழுதினால் கேட்பாள் அம்மா’ என்று எழுதியிருக்கிறாய். நல்லது, எழுதுகிறேன். ஆனால் நீ கேட்ட வார்த்தை இல்லை இது. ஒரே வார்த்தையில் முடியப் போவதும் இல்லை. உன் அப்பா விருதுநகர் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார். அடுப்பில் ஒன்றும் இல்லை. அதனால் நீளமாகத்தான் போகும். வாசித்துவிட்டு அவளிடமும் கொடு.

அவளைக் கூட்டிக்கொண்டு போ. அல்லது டெக் எடுத்து வந்து போட்டுக் காட்டு. எந்தெந்தப் படம் என்றும் நானே சொல்கிறேன். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் என்னைப் போலப் பேய்ப் படம் பார்த்த பொம்பளை கிடையாது. உனக்கு இது தெரியாது. உனக்கு நினைவு தெரியும்போது நான் ரேஷன் கடையில் நிற்கிற, உன் சட்டைக்குப் பட்டன் தைக்கிற ஒரு அம்மாதானே.

எனக்கு இந்தப் பழக்கம் கல்யாணத்துக்கு முன்னாலேயே உண்டு. திருச்சுழியில் டூரிங் கொட்டகை வந்து கீற்று வேய்ந்து இறங்கியதும், சாமி படம், ராஜா படமெல்லாம் மற்றப் பெண்களுக்கு என்று விட்டுவிடுவேன். பேய் வருகிறதென்றால் முதல் ஆட்டத்துக்கு மணலில் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். பயம் வராமல் இல்லை. வரும். வந்த பயம் படம் முடிந்ததும் கொட்டகையிலேயே இறங்கிப் போய்விடும், உடம்பு லேசாகிவிடும். நம் ஊரில் பயப்படுவதற்கு ராத்திரி வேண்டுமா? பருத்தி எடுத்து முடித்த காட்டில் உச்சி வெயிலில் ஒற்றைப் பனையைப் பார்த்தாலே போதும். மழை வருமா என்று ஆறு மாசம் வானத்தைப் பார்ப்பதைவிடப் பெரிய பயத்தை எந்தப் பேய் காட்டிவிடும்? அதனால் எனக்குப் படத்துப் பேய்கள் பிடிக்கும். சொன்ன நேரத்துக்கு வரும், சொன்ன நேரத்துக்குப் போய்விடும்.

அறுபதுகளில் உன் அப்பாவுக்கு வாக்கப்பட்டு அருப்புக்கோட்டைக்கு வந்தேன். அவர் அப்போது திருச்சுழி வழியாக வீரசோழன் போகிற பஸ்ஸில் கண்டக்டர். வீட்டில் எங்களோடு உன் பெரியத்தையும் இருந்தார்கள். மல்லாங்கிணற்றில் வாக்கப்பட்டு, பெற்றது எதுவும் தங்காததால் புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ள, கோபமும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் ஒரு டிரங்குப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டவர்கள். உனக்குச் சோறு ஊட்டியவர்கள், உன்னைத் தூக்கிச் சுமந்தவர்கள் என்று நீ அறிவாய். எனக்கு அவுக மதினி. அதிகம் பேச மாட்டார்கள். பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

உனக்கு முன்னால் எனக்கு ஒரு பிள்ளை உண்டானது, தம்பி. அதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தச் சமயம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது திருச்சுழிக் கொட்டகையில் ஒரு படம் பார்த்தேன். பாழடைந்த பங்களா, கிணற்றிலிருந்து ஏறி வருகிற பெண், வழக்கமானதுதான். பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வந்து சாப்பிட்டுத் தூங்கினேன். கொஞ்ச நாளில் வயிற்றில் வலி கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளை நிற்கவில்லை. டாக்டரம்மா, “சில சமயம் இப்படி ஆயிரும்மா, நீ ஒண்ணும் பண்ணல” என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார்கள். தெருக் குழாயடியில் அப்படிச் சொல்லவில்லை. “பேயப் பாத்தாளாம்ல, அது சும்மா விடுமா, வயித்துக்குள்ள பூந்துருச்சு” என்று என் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். டாக்டரம்மா சொன்னது ஒரு காதில் போய் மறு காதில் வந்துவிட்டது. குழாயடி சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் நீ உண்டானாய். நான் சந்தோஷப்படவே இல்லை என்று சொன்னால் வருத்தப்படாதே. பயந்து செத்தேன். புளியமரம் இருக்கிற தெரு வழியாகப் போக மாட்டேன். தலைமாட்டில் விளக்குமாறு, இடுப்பில் ஒரு இரும்பு ஆணி. தெருவில் சினிமா வண்டி மைக் போட்டு நோட்டீஸ் வீசிக்கொண்டு வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். ஒரு நாள் காற்றில் ஒரு நோட்டீஸ் வீட்டுக்குள்ளேயே வந்து விழுந்தது. வாசித்துப் பார்க்காமல் அடுப்பில் போட்டுவிட்டேன். போட்டதும், பேய்ப் படமாக இருந்தால் எரித்த கோபத்தில் வந்துவிடுமோ என்று அதற்கு வேறு பயம். சோறு இறங்காது. யாராவது ‘என்ன பேர் வைக்கப் போறீக?’ என்று கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவேன். உன் அப்பா வாசலில் உட்கார்ந்து டிக்கெட் பையைத் திறந்து திறந்து மூடுவார்.

அந்தச் சமயத்தில்தான் வீரசோழன் பஸ்ஸில் ஏறுகிறவர்களெல்லாம் ஒரு படத்தைப் பற்றியே பேச ஆரம்பித்தார்கள். அருப்புக்கோட்டைத் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த படம். அதன் நிஜப் பெயர் கிடக்கட்டும், நாங்கள் அதைப் பிள்ளைத்தாச்சிப் பேய் என்றுதான் சொல்வோம். ஒரு சாயங்காலம் உன் அப்பா சாப்பிட உட்கார்ந்து அக்காவிடம் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நான் உள்ளறையில் காதைப் பொத்திக்கொண்டேன். உன் அப்பாவின் குரல் கண்டக்டர் குரல், கையால் அடைக்க முடியுமா? ஒரு கர்ப்பிணி செத்துப் பேயாகிவிடுகிறாள். வயிற்றுப் பிள்ளையும் கூடவே பேய். நூறு வருஷமாகப் பிரசவம் ஆகாமல் புளியமரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எந்த மருத்துவச்சி வீட்டுக் கதவைத் தட்டினாலும், திறந்தவள் இவளைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கி விழுகிறாள். பேய்க்கு மசக்கை வேறு. பண்ணையார் தோப்பில் மாங்காய் திருடுகிறாள். விரட்ட வந்த மந்திரவாதியை, “இடுப்பப் பிடிச்சு விடுய்யா” என்று உட்கார வைத்துவிடுகிறாள். இதைக் கேட்டு உன் பெரியத்தை வாயில் போட்ட சோற்றோடு சிரித்துப் புரையேறி, உன் அப்பா தலையில் தட்டும்படி ஆகிவிட்டது. அவுக சிரித்து அந்த வீட்டில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மதியம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் மதினி சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்கள்.

“ஏத்தா, கிளம்பு. மேட்னிக்குப் போவோம்.”

“என்ன மதினி, போன தடவ நடந்தது மறந்து போச்சா?”

“மறக்கல.”

“இதுவும் போயிருச்சுன்னா?”

மதினி எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்கள்.

“எனக்கு மூணு போச்சு. தெரியும்ல ஒனக்கு?”

“தெரியும் மதினி.”

“அப்ப நான் இருந்த எடத்துல கொட்டாயும் கெடையாது ஒண்ணும் கெடையாது. சினிமான்னா என்னன்னே எனக்குத் தெரியாது. நான் எந்தப் பேயப் பாத்து மூணும் போச்சு? சொல்லு பாப்போம்.”

என் கை இடுப்பு ஆணியைத் தேடியது. மதினி விடவில்லை.

“எனக்கும் சொன்னாளுக. மொதலுக்குக் கெணத்த எட்டிப் பாத்தேன்னாளுக. அடுத்ததுக்குப் பல்லிய மிதிச்சேன்னாளுக. கடைசிக்கு ஒருத்தி, நான் ரொம்பச் சிரிச்சேன்னா. அதோட சிரிப்ப விட்டேன். போனது போச்சுத்தா. ஏன் போச்சுன்னு எவளுக்கும் தெரியாது. தெரியலன்னு சொல்ல வாய் வராம நம்ம தலையில வைக்கிறாளுக. நீயும் அதத் தூக்கிச் சுமக்காத. வயித்துல இருக்கிறதச் சுமந்தாப் போதும். எந்திரி.”

எழுந்தேன். அந்த வார்த்தைக்கு எழாமல் எப்படி இருப்பது?

தியேட்டரில் பொம்பளைகள் பக்கம் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். எனக்கு முன்னால் ஒருத்தி வயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்துப் பெஞ்சில் ஒருத்தி. அதற்கும் பின்னால் நெசவுக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி தன் தங்கச்சியோடு தெலுங்கில் குசுகுசுவென்று பேசிக்கொண்டு, அவளுக்கும் நிறைமாசம். எனக்கு இந்தப் பக்கம் வீரசோழனிலிருந்து வந்த ஒரு பெண், வெள்ளைத் துப்பட்டிக்குள் முறுக்குப் பொட்டலம். அவள்தான் என்னைப் பார்த்துச் சிரித்து, “வீட்ல டாக்டரம்மாவப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். நீங்க?” என்றாள். முன் பெஞ்சுக்காரி திரும்பி, “நான் சாமி படம்னு சொல்லிட்டு வந்தேன்” என்றாள். எனக்கு அப்போதே பாதிப் பயம் போய்விட்டது, தம்பி. பயப்படுகிறவள் ஊரிலேயே நான் ஒருத்திதான் என்று அத்தனை மாசம் நினைத்திருந்தேன். பார்த்தால் பெஞ்சு நிறைய இருக்கிறோம்.

படத்தின் கடைசியில் காது கேளாத ஒரு கிழட்டு மருத்துவச்சி வருவாள். கண்ணும் மங்கல். பேய் அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. மருத்துவச்சி விளக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னத்தா இம்புட்டு வெள்ளையா இருக்க, ஒடம்புல ரத்தமே இல்லையே, முருங்கக்கீர தின்னயா இல்லையா?” என்று திட்டுகிறாள். பேய் நாக்கை நீட்டி, “நான் பேயி!” என்று அலறுகிறது. “பேரா? பேரு பொறகு வைப்போம், மொதல்ல மூச்ச விடு” என்கிறாள் கிழவி. “எனக்கு மூச்சே கெடையாது” என்று பேய் அழுகிறது. “எல்லாவளும் இதத்தான் சொல்லுறா, விடு மூச்ச!” என்று தொடையில் ஒரு அடி. தியேட்டரே இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. அதிலும் எங்கள் பெஞ்சுச் சிரிப்பு தனி. நிறைமாசக்காரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, மூக்கைச் சிந்திச் சிந்திச் சிரித்தோம். பிள்ளை பிறந்த பிறகு இன்னும் வேடிக்கை. ஊரையே நடுங்க வைத்த பேய், குட்டிப் பேய் தூங்காமல் கத்துவதால் வீடு வீடாகப் போய், “கொஞ்ச நேரம் வச்சுக்கங்க, கண்ண மூடிக்கிறேன்” என்று கெஞ்சும். வசந்திக்கு இதை முதலில் காட்டு. டெக் கடைக்காரரிடம் கதையைச் சொன்னால் எடுத்துத் தருவார்.

திரும்பி நடந்து வரும்போது மதினி கருப்பட்டி மிட்டாய் வாங்கித் தந்தார்கள். தின்றுகொண்டே வந்தவர்கள், யாரும் கேட்காமலே, “ரெண்டாவதுக்குத் தல நிறைய முடி” என்றார்கள். “அப்படியா மதினி?” என்றேன். “ஆமா. மொதலு எங்க ஐயா சாடை. கடைசி ஒரு தடவ கண்ண முழிச்சு என்னப் பாத்துச்சு.” வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்கள். தெருமுனையில் நின்று மூச்சு வாங்கி, “இதெல்லாம் யாரும் கேட்டதில்லத்தா, அதான் சொல்லல” என்றார்கள். நான் அவுக கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன். உனக்கு என்ன பேர் வைக்கலாம் என்று உன் அப்பாவிடம் நானாகவே கேட்டேன். அவர் கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நர்சம்மா, “மூச்ச விடும்மா, நல்லா விடு” என்று அதட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலியில் கத்திக்கொண்டே சிரிக்கிறேன். “இவளுக்கு என்னாச்சு?” என்று நர்சம்மா மிரண்டுபோய் வெளியே எட்டிப் பார்க்க, வாசலில் நின்ற மதினிக்கும் காரணம் புரிந்து அவுகளும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்படி ரெண்டு பைத்தியங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் நீ வந்தாய். முழுசாக, சிவப்பாக, ஒரு குறையும் இல்லாமல்.

அதற்கப்புறம் எழுபதுகள் முழுக்க நானும் மதினியும் ஒரு பேயையும் விட்டதில்லை. எந்த ஊரில் என்ன ஓடுகிறது என்று உன் அப்பா கண்டக்டர்மாரிடம் விசாரித்து வந்து, “காரியாபட்டியில ஒரு பேய் வந்திருக்கு, ஞாயித்துக்கிழம போறீகளா?” என்பார். ஒரு தடவை காரியாபட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் வைத்தே அப்படிச் சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த ஆள் காரியாபட்டியில் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். அந்தப் படங்களில் வசந்திக்கு ஏற்றது இன்னொன்று உண்டு. மாமியார் செத்துப் பேயாகி, மருமகள் பேரப்பிள்ளையைச் சரியாகக் குளிப்பாட்டுகிறாளா என்று பார்க்கத் திரும்பி வருவாள். தொட்டில் தானாக ஆடும், பால் தானாக ஆறும். முதலில் நடுங்குகிற மருமகள், பிள்ளை தூங்குவதைப் பார்த்துவிட்டுத் தானும் போய்ப் படுத்துக்கொள்வாள். புருஷன் பயந்துபோய் மந்திரவாதியைக் கூட்டி வந்தால், “அத்தைய விரட்டிட்டா விடியவிடிய தொட்டில நீங்களா ஆட்டுவீக?” என்று விளக்குமாற்றை எடுத்து மந்திரவாதியை விரட்டுவாள். இதை எத்தனை தடவையும் பார்க்கலாம். வசந்திக்கு என்னைப் பற்றி ஏதாவது தோன்றினால் தாராளமாகச் சிரிக்கட்டும்.

நிஜமாகவே பயப்பட வேண்டும் என்று அவள் கேட்டால், மலை பங்களாவில் ஊஞ்சல் ஆடுகிற கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது, அதைப் போடு. இடைவேளை வரை அருமை. அப்புறம் பேய் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் சொத்துக்காக மாமா செய்த வேலை என்று முடித்து ஏமாற்றிவிடுவார்கள். பொம்மைக்குள் பிள்ளையின் ஆவி புகுகிற படத்தை மட்டும் இப்போது வேண்டாம் என்பேன். வயிற்றுக்கு ஆகாது என்று இல்லை. நான் அதைப் பார்த்து இரண்டு நாள் அழுதேன். அது பயப்பட வைக்கிற படம் இல்லை, துக்கப்பட வைக்கிற படம். ஆனாலும் அவள் கேட்டால் போடு. எதைத் தாங்குவாள் என்று அவளுக்குத்தான் தெரியும்.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைத்தாச்சிப் பேயை உன் அப்பா இன்றைக்கு வரை பார்த்ததில்லை. அவர் அன்றைக்குச் சொன்ன கதையெல்லாம் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னது. ரொம்ப வருஷம் கழித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது. “பேய்க்குப் பயமா?” என்று கேலி செய்தேன். “பேய்க்கு இல்ல. மறுபடி ஒனக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயம். அந்த வீட்ல பயந்தது நீ மட்டும்னு நெனச்சியா?” என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. என் பயத்தை எல்லோருக்கும் தெரியும்படி நான் பயந்தேன். அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே தனியாகப் பயந்திருக்கிறார். உன் கடிதத்தை வாசிக்கும்போது அதுதான் எனக்குத் தோன்றியது. வசந்திக்குப் பயம் இல்லை, தம்பி. இருந்தால் பேய்ப் படம் கேட்பாளா? பயம் உனக்குத்தான். கீழ் வீட்டு அம்மா சொன்னது உன் காதில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் உன் பயத்துக்கு அவளுடைய ஆசையைப் பூட்டி வைக்காதே. டாக்டரம்மா சொல்கிற மாத்திரையைத் தவறாமல் கொடு, மாசா மாசம் காட்டிக் கூட்டி வா. மற்றபடி யார் என்ன சொன்னாலும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடு. அடுத்த வாரம் கம்பு மாவும் கொஞ்சம் வற்றலும் எடுத்துக்கொண்டு நானும் வாரேன். அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் படத்தைப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார். பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரிப் போகாதே. பயமாக இருந்தால் அவள் கையைப் பிடித்துக்கொள். அவள் உன்னைப் பார்த்துச் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

அம்மா